இனாம் விமான டிக்கெட்: பணம் கட்டுவது யார்?

கிரெடிட் கார்டு விளம்பரம் ஏதாவது ஒன்றை எடுத்துப் பாருங்கள். மளிகை வாங்கினால் மைல். பெட்ரோல் போட்டால் மைல். பிள்ளைக்குப் பள்ளிச் சம்பளம் கட்டினால் அதற்கும் மைல். மைல்களைச் சேர்த்து வைத்தால் துபாய்க்கோ லண்டனுக்கோ காசில்லாமல் விமானத்தில் போய் வரலாம். "இனாம்" என்ற சொல் கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்கும். இந்த இனாமுக்குப் பணம் கட்டுவது யார் என்ற விவரம் மட்டும் பொடி எழுத்தில்கூட இருக்காது.

விமானம் பச்சைத் தண்ணீரில் பறப்பதில்லை. எண்ணெய்க்குக் காசு வேண்டும். விமானிக்கும், பணிப்பெண்ணுக்கும், மூட்டை ஏற்றுகிற தொழிலாளிக்கும் சம்பளம் வேண்டும். எந்த முதலாளியும் தன் சட்டைப் பையில் கைவிட்டு ஊராருக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்ததாகச் சரித்திரம் கிடையாது. சோழியன் குடுமி சும்மா ஆடுமா? இனாம் டிக்கெட் ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒருவர் பணம் கட்டியே தீரவேண்டும். அவர் யார்? அவருக்கு இது தெரியுமா? இதுதான் நாம் கேட்கவேண்டிய கேள்வி.

இந்த வித்தை பிறந்தது அமெரிக்காவில். முழு வளர்ச்சி பெற்றிருப்பதும் அங்கேதான். ஆகவே முதலில் அந்த நாட்டு நடப்பைப் பார்ப்போம். பிறகு நம் நாட்டுக்கு வருவோம்.

பிறந்த கதை

1978 வரை அமெரிக்காவில் உள்நாட்டு விமானக் கட்டணத்தையும் வழித்தடங்களையும் சர்க்கார் வாரியம் ஒன்று நிர்ணயித்து வந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் இந்தக் கட்டுப்பாட்டை அகற்றியது. கம்பெனிகளுக்குள் போட்டி மூண்டது. பிரயாணியைத் தன்னிடமே கட்டிப்போட ஒவ்வொரு கம்பெனியும் வழி தேடியது. 1981 மே 1ம் தேதி அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் மைல் திட்டத்தைத் தொடங்கியது. சில நாட்களில் யுனைடெட் கம்பெனியும், அதே ஆண்டில் டெல்டாவும் பின்தொடர்ந்தன. பறந்த தூரத்தைக் கணக்கில் எழுதி வைப்பது, குறிப்பிட்ட அளவு சேர்ந்ததும் ஓர் ஆசனம் தருவது என்பது திட்டம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அடிக்கடி பறக்கிறவர் யார்? கம்பெனி வேலையாகப் போகிற அதிகாரி. அவருடைய டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவது அவருடைய கம்பெனி. ஆனால் மைல் சேருவது அவருடைய சொந்தக் கணக்கில்! பிறகு அவர் மலிவான டிக்கெட்டைத் தேடுவாரா? தன் கணக்கில் மைல் ஏறுகிற டிக்கெட்டைத்தான் வாங்குவார். சாதாரண மனிதன் இதற்கு வைத்திருக்கிற பெயர் வேறு. விமானக் கம்பெனிகள் வைத்த பெயர் "விசுவாசம்".

1987ல் கதை வேறு பக்கம் திரும்பிற்று. சிட்டிபாங்க், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனியுடன் சேர்ந்து மைல் தரும் கிரெடிட் கார்டை வெளியிட்டது. அன்றுமுதல் மைல் சேர்க்கப் பறக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. செலவு செய்தால் போதும். பாங்கு, விமானக் கம்பெனியிடமிருந்து மைல்களை மொத்தமாக விலைக்கு வாங்குகிறது. தன் கார்டை அதிகம் தேய்ப்பவருக்கு அவற்றைச் சில்லறையாக விநியோகிக்கிறது.

ஆக, இன்று விமானக் கம்பெனி இரண்டு சரக்கு விற்கிறது. ஒன்று ஆசனம், அதற்கு விமானம் வேண்டும், எண்ணெய் வேண்டும், தொழிலாளி வேண்டும். இன்னொன்று மைல், அதற்குக் கணக்குப் புத்தகத்தில் ஓர் எண் எழுதினால் போதும். இரண்டாவது சரக்கில் எவ்வளவு வருமானம்? அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டு கம்பெனியிடமிருந்து டெல்டாவுக்கு 2023ல் கிடைத்த தொகை சுமார் 680 கோடி டாலர். 2024ல் அது சுமார் 740 கோடி டாலராக உயர்ந்தது.

கடைக் கல்லாவில் நடப்பது

பாங்கு இவ்வளவு பணத்தை எங்கிருந்து கொண்டுவருகிறது? பதில் மளிகைக் கடைக் கல்லாவில் இருக்கிறது.

அமெரிக்க நகரம் ஒன்றின் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 100 டாலருக்குச் சாமான் வாங்கிக் கார்டை நீட்டுகிறார். கடைக்காரர் கைக்கு 100 டாலர் முழுதாக வந்து சேருவதில்லை. சுமார் 2 டாலர், சில கார்டுகளுக்கு அதற்கும் மேல், கமிஷனாகப் பிடிக்கப்படுகிறது. அதில் பெரும்பகுதி கார்டு கொடுத்த பாங்குக்குப் போகிறது. கார்டு எவ்வளவு உயர்ந்த ரகமோ, எவ்வளவு மைல் தருகிறதோ, அவ்வளவுக்குக் கமிஷனும் அதிகம்.

கடைக்காரர் என்ன செய்வார்? போன கமிஷனை விலையில் ஏற்றுவார். கார்டு காட்டுகிறவருக்கு ஒரு விலை, ரொக்கம் தருகிறவருக்கு ஒரு விலை என்று பெரும்பாலான கடைகளில் வைப்பதில்லை. எல்லோருக்கும் ஒரே விலை, ஏறிய விலை. கார்டு காட்டியவர் தன் பங்கை மைலாகத் திரும்பப் பெறுகிறார். வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்பவர் யார்? ஆபீஸ் தரையைத் துடைத்துவிட்டு வாரக்கூலியுடன் வந்திருக்கும் ஒரு தாய். பாங்கு அவளை நம்பிக் கார்டு கொடுப்பதில்லை. ரொட்டிக்கும் பாலுக்கும் அதே ஏறிய விலையை ரொக்கமாகக் கொடுக்கிறாள். அவளுக்கு ஒரு மைல்கூடக் கிடையாது.

கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்கள். இங்கே பாங்கு உடைக்கிறது. புண்ணியம் விமானத்தில் போகிறவருக்கு. தேங்காய் மட்டும் அந்தத் தாயினுடையது.

இது நம் கட்சியின் பிரசாரம் அல்ல. அமெரிக்க முதலாளித்துவத்தின் சொந்தக் கணக்கப்பிள்ளைகளே எழுதி வைத்திருக்கும் கணக்கு. பாஸ்டன் நகர மத்திய ரிசர்வ் பாங்கின் பொருளாதார நிபுணர்கள் மூவர் 2010ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ரொக்கத்தில் வாங்கும் குடும்பம் ஒவ்வொன்றும் சராசரியாக ஆண்டுக்கு 149 டாலரைக் கார்டு வைத்திருக்கும் குடும்பங்களுக்குத் தன்னையறியாமல் தானம் செய்கிறது; கார்டுக் குடும்பம் ஒவ்வொன்றும் 1,133 டாலர் பெறுகிறது என்று அவர்கள் கண்டார்கள். வருமான வாரியாகப் பார்த்தால், ஆண்டுக்கு 20,000 டாலருக்குள் சம்பாதிக்கும் குடும்பம் 21 டாலர் இழக்கிறது. 150,000 டாலருக்கு மேல் சம்பாதிக்கும் குடும்பம் 750 டாலர் பெறுகிறது.

கார்டு வைத்திருப்பவர்களுக்குள்ளும் ஏழை பணக்காரன் உண்டு. மாதாமாதம் பாக்கி முழுவதையும் கட்ட வசதியுள்ளவர் மைலை எடுத்துக்கொண்டு போகிறார். வைத்தியச் செலவுக்கோ வாடகைக்கோ கார்டைத் தேய்த்துவிட்டுப் பாக்கியைக் கட்ட முடியாமல் தவிப்பவர் வட்டி கட்டுகிறார். அந்த வட்டியும் மைலாக மாறி முன்னவருக்குப் போய்ச் சேருகிறது. மத்திய ரிசர்வ் வாரியம் 2023ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையின் மதிப்பீட்டின்படி, இப்படிக் கார்டுக்காரர்களுக்குள்ளேயே கைமாறும் தொகை ஆண்டுக்குச் சுமார் 1,500 கோடி டாலர். ஏழைகள் வாழும் பகுதிகளிலிருந்து பணக்காரர்கள் வாழும் பகுதிகளுக்கும், சிறுபான்மையோர் மிகுந்த பகுதிகளிலிருந்து அவர்கள் குறைந்த பகுதிகளுக்கும் இந்தப் பணம் ஓடுகிறது என்று அதே கட்டுரை கூறுகிறது.

அடகுக்குப் போன மைல்

2020ல் கொள்ளைநோய் வந்தது. விமானங்கள் தரையில் நின்றன. அந்தச் சமயத்தில்தான் கம்பெனிகளின் உண்மைச் சொத்து எது என்று உலகத்துக்கு வெளிச்சமாயிற்று.

யுனைடெட் கம்பெனி தன் மைல் திட்டத்தை ஈடு காட்டி 680 கோடி டாலர் கடன் திரட்டியது. டெல்டா அதே வழியில் 900 கோடி டாலர் திரட்டியது. 2021 மார்ச்சில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1,000 கோடி டாலர் திரட்டியது. இந்த மூன்றாவது கம்பெனி தன் மைல் திட்டத்தின் மதிப்பு 1,800 கோடி முதல் 3,000 கோடி டாலர் வரை என்று 2020ல் அறிவித்தது. அப்போது அந்தக் கம்பெனியின் எல்லாப் பங்குகளின் சந்தை விலையையும் கூட்டினால் 1,800 கோடியில் பாதிகூட வரவில்லை! விமானங்களும் தொழிலாளர்களின் திறமையும் அடங்கிய முழுக் கம்பெனியைவிட, கணக்குப் புத்தகத்து எண்களுக்கு மதிப்பு அதிகம்.

தொழிலாளிக்கு என்ன நடந்தது? அமெரிக்க சர்க்கார் பிரயாணி விமானக் கம்பெனிகளுக்குச் சம்பளம் கொடுப்பதற்கென்றே 2,500 கோடி டாலர் அளித்திருந்தது. அந்த உதவியின் கெடு முடிந்ததும், 2020 அக்டோபர் தொடக்கத்தில் அமெரிக்கன், யுனைடெட் இரண்டு கம்பெனிகள் மட்டும் 32,000க்கும் அதிகமான தொழிலாளர்களைச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பின. டிசம்பரில் மக்கள் வரிப்பணத்திலிருந்து இன்னொரு தவணை உதவிக்கு ஏற்பாடான பின்னரே திரும்ப அழைத்தன. மைலை வைத்துக் கோடிகளைப் புரட்டத் தெரிந்தவர்களுக்கு, இரண்டு மாதம் தொழிலாளியின் அடுப்பை எரியவைக்கத் தெரியவில்லை.

அடித்தவனே அழிக்கும் நாணயம்

"சரி, மைல் சேர்த்தவருக்காவது லாபம்தானே?" என்று கேட்கலாம். அவரையும் கம்பெனி சும்மா விடுவதில்லை. மைல் என்பது கம்பெனி அடிக்கும் நாணயம். எத்தனை அடிப்பது, எதற்குச் செல்லும், நாளைக்கு எவ்வளவு பெறும் எல்லாம் அதன் இஷ்டம். 2015ல் டெல்டா, எந்த ஊருக்கு எத்தனை மைல் என்ற விலைப்பட்டியலையே பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. பட்டியலே இல்லாத கடையில் விலை ஏறிற்று என்று எதைக் காட்டி வழக்காடுவது? அதே ஆண்டு டெல்டாவும் யுனைடெட்டும், அடுத்த ஆண்டு அமெரிக்கன் ஏர்லைன்ஸும், பறந்த தூரத்துக்குப் பதிலாகக் கட்டிய காசுக்கு ஏற்ப மைல் என்று விதியை மாற்றின. பெயர் மைல், அளப்பது டாலர்!

கோர்ட்டுக்குப் போனால்? மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த யூத மதகுரு ஒருவரின் கணக்கை நார்த்வெஸ்ட் கம்பெனி 2008ல் முடித்துவிட்டது. திட்டத்தை அவர் துஷ்பிரயோகம் செய்தார் என்று கம்பெனி கூறிற்று. கம்பெனி நேர்மையாக நடக்கவில்லை என்று அவர் வழக்குத் தொடர்ந்தார். 2014ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் தீர்ப்பளித்தார்கள்: மாநிலச் சட்டம் சொல்லும் நேர்மைக் கடமையைக் காட்டி இப்படி வழக்குத் தொடர, 1978 சட்டம் இடம் கொடுக்கவில்லை! போட்டி வந்தால் பிரயாணிக்கு நன்மை என்று சொல்லிக் கொண்டுவந்த சட்டமே, அந்தப் பிரயாணி நியாயம் கேட்கும் வாசலை அடைத்து நின்றது.

2024 செப்டம்பரில் அமெரிக்கப் போக்குவரத்து இலாகா நான்கு பெரிய கம்பெனிகளிடமும் இந்த மதிப்புக் குறைப்பு பற்றி விளக்கம் கேட்டு உத்தரவிட்டது. திட்டம் தொடங்கி நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து!

நம் நாட்டில் நடந்தது

இது அமெரிக்கக் கதைதானே என்று இருந்துவிட வேண்டாம். ஜெட் ஏர்வேஸை நினைத்துப் பாருங்கள். 2014ல் அந்தக் கம்பெனியின் மைல் திட்டம் தனிக் கம்பெனியாகப் பிரிக்கப்பட்டு, அதில் 50.1 சதவிகிதம் அபுதாபியின் எத்திஹாட் கம்பெனிக்கு 15 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. 2019 ஏப்ரல் 17ம் தேதி இரவு அமிர்தசரசிலிருந்து மும்பைக்கு வந்த விமானத்துடன் ஜெட் நின்றது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. சம்பளப் பாக்கி, கிராஜுவிடி, பிராவிடண்ட் பண்டு என்று தொழிலாளர்கள் தீர்ப்பாயம் தீர்ப்பாயமாக ஏறி இறங்கினார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கம்பெனியைக் கலைத்துச் சொத்துகளை விற்க உத்தரவிட்டது.

மைல் கம்பெனி என்ன ஆயிற்று? அது சாகவில்லை. விமானமே இல்லாமல், 2019 நவம்பரில் இன்டர்மைல்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டு வியாபாரத்தைத் தொடர்ந்தது. வியர்வை சிந்தியவரின் கூலி நின்றது, மைல் ஓடிற்று. முதலாளித்துவத்தின் முறைமையை விளக்க இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

கடைக் கல்லாவிலும் நம் நாட்டில் போராட்டம் உண்டு. 2020 ஜனவரி முதல் யு.பி.ஐ. முறையிலும் ரூபே டெபிட் கார்டிலும் பணம் பெறும் கடைக்காரரிடம் கமிஷன் பிடிக்கக்கூடாது என்பது சட்டம். டீக்கடைக்காரரும் காய்கறிக்காரரும் கமிஷன் இல்லாமல் பணம் வாங்க முடிகிறது என்றால் அதற்குக் காரணம் இந்தச் சட்டமே. இந்தச் சலுகையை உடைத்து, பெரிய கடைகளிடமாவது கமிஷன் வாங்க அனுமதி வேண்டும் என்று பணப்பட்டுவாடாக் கம்பெனிகளின் சங்கம் 2025ல் பிரதம மந்திரிக்கு எழுதியது. இன்று பெரிய கடை என்பார்கள். நாளை தெருக்கோடிக் கடைக்கு வருவார்கள். கிரெடிட் கார்டுக்கோ, இப்படிப்பட்ட சட்ட வரம்பு எதுவும் இங்கே இல்லை.

நம் கையும் சுத்தமாக இருக்க வேண்டும்

ஊரார் பணத்தில் சேரும் மைல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி இடதுசாரிகளையும் விட்டுவைத்ததில்லை. 2002ல் ஜெர்மனியில் பெரிய ரகளை எழுந்தது. நாடாளுமன்ற வேலையாகப் பறந்து சேர்த்த மைல்களைச் சொந்தப் பிரயாணத்துக்குப் பயன்படுத்திய உறுப்பினர்களின் பெயர்கள் வெளியாயின. பெர்லின் மாநிலப் பொருளாதார மந்திரியும், ஜனநாயக சோஷலிஸக் கட்சியின் முன்னணித் தலைவருமான கிரேகோர் கீஸி அவர்களில் ஒருவர். அவர் ஜூலை 31ம் தேதி பதவியை ராஜினாமா செய்தார். செய்தது தவறு; பதவியைத் துறந்தது சரி. எதிரியின் பத்திரிகை கிளப்பியது என்பதற்காக நாம் இதை மறைக்க வேண்டியதில்லை.

நம் நாட்டில் சர்க்கார் செலவில் பறக்கும் அதிகாரி, அதில் சேரும் மைலை அடுத்த சர்க்கார் பிரயாணத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்பது மத்திய நிதி அமைச்சகத்தின் உத்தரவு. நல்ல உத்தரவு. அமெரிக்காவிலோ 2001 டிசம்பரில் சட்டம் இயற்றி, மத்திய சர்க்கார் ஊழியர்கள் அந்த மைலைத் தாமே வைத்துக்கொள்ள அனுமதித்துவிட்டார்கள்.

பாங்கு ஊழியரோ, இன்ஷூரன்ஸ் ஊழியரோ, ஆசிரியரோ இதைப் படித்துவிட்டு, "நானும் கார்டு வைத்திருக்கிறேன், பாயிண்டில் ஒருமுறை டில்லி போய்வந்தேன், நான் குற்றவாளியா?" என்று கேட்கலாம். இல்லை, தோழரே. விதியை எழுதியவர் நீங்கள் அல்ல. உங்களுக்குக் கிடைத்த டிக்கெட்டை நீங்கள் கிழித்துப்போட்டாலும் அந்தத் தாய்க்கு ஒரு காசு திரும்பாது. ஆனால் அது இனாம் என்று மட்டும் நம்பாதீர்கள். கமிஷனுக்கு வரம்பு வேண்டும் என்று குரல் எழும்போது, "என் பாயிண்டு போய்விடுமே" என்று பாங்கு முதலாளியின் பக்கம் போய் நிற்காதீர்கள். அவர்கள் உங்களுக்கு மைல் கொடுப்பதன் அரசியல் அதுதான். கொள்ளையில் ஒரு துளியை உங்கள் நாக்கில் தடவி, கொள்ளைக்கு உங்களையே காவல் வைக்கிறார்கள்.

இது வெறும் ஊகம் அல்ல. கார்டுக் கமிஷனில் போட்டியைக் கொண்டுவரும் மசோதா ஒன்று 2022லும் 2023லும் அமெரிக்க செனட்டில் வைக்கப்பட்டது. பாங்குகளோடு விமானக் கம்பெனிகளும் சேர்ந்து எதிர்த்தன. மசோதா வந்தால் உங்கள் மைல் போய்விடும் என்று மைல்காரர்களைக் கிளப்பிவிட்டன. 2024 முடியும் வரை அது செனட்டில் வாக்கெடுப்புக்கே வரவில்லை.

என்ன செய்ய வேண்டும்?

கமிஷனைக் கட்டுப்படுத்தினால் வியாபாரமே நின்றுவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். ஐரோப்பிய யூனியன் 2015ல் சட்டம் இயற்றி, பாங்குக்குப் போகும் கமிஷனை டெபிட் கார்டுக்கு 0.2 சதவிகிதம், கிரெடிட் கார்டுக்கு 0.3 சதவிகிதம் என்று கட்டிப்போட்டது. ஐரோப்பாவில் விமானம் பறப்பது நின்றதா? கடைகளில் கார்டு செல்லாமல் போயிற்றா? இல்லை. பாங்குகளின் லாபம்தான் குறைந்தது.

ஆகவே நாம் கோர வேண்டியவை தெளிவானவை. யு.பி.ஐ.க்குக் கமிஷன் கூடாது என்ற சட்டத்தைத் தொடக்கூடாது. கிரெடிட் கார்டுக் கமிஷனுக்கு ரிசர்வ் பாங்கு உச்சவரம்பு விதிக்க வேண்டும். கொடுத்த மைலை முன்னறிவிப்பில்லாமல் மதிப்புக் குறைப்பதைத் தடைசெய்ய வேண்டும். கொடுத்த வாக்குக் கடன் என்று சட்டம் சொல்ல வேண்டும். விமானக் கம்பெனி விழுந்தால், அதன் மைல் திட்டத்தின் மதிப்பு முதலில் தொழிலாளியின் சம்பளப் பாக்கிக்குப் போக வேண்டும்.

2018ல் உலக மக்களில் விமானம் ஏறியவர்கள் சுமார் 11 சதவிகிதம்தான் என்பது ஓர் ஆய்வின் மதிப்பீடு. மற்ற ஜனங்கள் அந்த ஆண்டு விமானத்தை அண்ணாந்துதான் பார்த்தார்கள். அண்ணாந்து பார்ப்பவர்களின் அரிசியிலும் பாலிலும் சேர்த்து வாங்கிய காசு, மேலே பறப்பவர்களுக்கு ஆசனமாகிறது. தொழிலாளி மகனும் விமானத்தில் போகட்டும். அவன் தாயும் ஒருமுறை ஜன்னலோரத்தில் உட்கார்ந்து மேகத்தைப் பார்க்கட்டும். அதற்கு வழி மைல் அல்ல. நியாயமான கூலி, நியாயமான விலை. அதைக் கேட்டுப் பெறுகிற நாள் வரை, இனாம் என்று எவன் சொன்னாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: பணம் கட்டுவது யார்?